மனம் தீட்டும் சித்திரம்
(ஜப்பானியச் சித்திரச் சுருளும் நக்கவாரத்துச் சித்திரமும் பற்றிய ஒரு பாடம்)

1. எழும் வினா

உபோசத நாளில் எண்வகைச் சீலம் மேற்கொள்ளும் இல்லறத்தார், அன்று ஒருநாள் ஆடல், பாடல், இசை, வேடிக்கை காண்டல் ஆகியவற்றை விலக்குவதாக உறுதி கூறுகின்றனர். துறவறம் பூண்டோர்க்கோ இஃது ஒருநாள் உறுதியன்று; என்றும் உள்ள ஒழுக்கம். ஆயினும், ஜப்பான் நாட்டுப் பௌத்த மடம் ஒன்று, மல்லாடுவோரும் சூதாடுவோரும் கோழிப்போர் காண்போரும் நிறைந்த சித்திரச் சுருள்களைப் பெருஞ்செல்வமெனப் பல நூற்றாண்டுகள் காத்து வந்துள்ளது. நமக்கு அண்மையில், வங்கக் கடலின் நிகோபார்த் தீவுகளில், நோயுற்றவன் நலம் பெறும்பொருட்டு ஆடலும் தோணியும் ஊரும் தீட்டிய சித்திரத்தை இல்லத்தில் அமைக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று.

மக்களின் விளையாட்டையும் களிப்பையும் சித்திரமாக்குதல் அறநெறிக்கு மாறானதா, உடன்பாடானதா? அச்சித்திரங்களை நாம் எந்நோக்குடன் காணவேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும். முதலில் திருமுறைகள் கூறுவதை அறிந்து, பின்னர் ஜப்பானுக்கும் நக்கவாரத்துக்கும் செல்வோம்.

2. திருமுறைகள் கூறுவன

தீக நிகாயத்தின் முதற் சூத்திரமாகிய பிரமஜால சூத்திரத்தில் அக்காலத்து விளையாட்டுக்களின் நீண்ட பட்டியல் ஒன்று உளது. எட்டுக் கட்டமும் பத்துக் கட்டமும் வரைந்த பலகையில் ஆடும் ஆட்டங்கள், அப்பலகையின்றி மனத்திலேயே கட்டங்களை நினைந்து ஆடும் ஆட்டம், குவித்த காய்களைப் பிற காய் அசையாமல் ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்தல், சூது, குட்டிக்கரணம், விளையாட்டு வண்டி, விளையாட்டு வில், முதுகில் எழுதிய எழுத்தை ஊகித்தல், பிறர் நினைப்பதை ஊகித்தல் முதலியன அதிற் காணப்படுகின்றன. நெடிய கோலால் குறுங்கோலை அடிக்கும் ஆட்டமும் உண்டு. அது நம் சிறுவர் ஆடும் கிட்டிப்புள்ளே. பனையோலையால் செய்து காற்றிற் சுழலவிடும் காற்றாடியும் உண்டு. இவற்றின் பொருளை விளக்கியவர், காஞ்சியிலும் தங்கி உரை வரைந்த ஆசாரிய புத்தகோசர் ஆவர். பட்டியலின் இறுதியில் நிற்பது, உறுப்புக் குறைவுடையோரைப் போல் நடித்துக் காட்டி நகைத்தல்.

இப்பட்டியல் எதன்பொருட்டுத் தரப்பட்டது என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். பிறர் நம்பிக்கையோடு இட்ட உணவை உண்டு வாழும் துறவிகள் சிலர் இவற்றிற் காலங்கழிக்கின்றனர். ததாகதர் இவற்றினின்று விலகியவர் என்பதே அங்குள்ள செய்தி. உழைத்து உண்ணும் இல்லறத்தானுடைய பிள்ளை காற்றாடி விடுதல் கூடாதென்று அச்சூத்திரம் விதிக்கவில்லை.

இல்லறத்தானுக்குரிய அளவுகோல் அதே நிகாயத்தின் சிகாலோவாத சூத்திரத்தில் உளது. செல்வம் அழியும் வாயில்கள் ஆறு. மதுவும், வேளையல்லா வேளையில் தெருவிற் றிரிதலும், கூத்து எங்கே, பாட்டு எங்கே என்று அலைதலும், சூதும், தீயோர் நட்பும், சோம்பலும் அவை. சூதாடுவோன் வென்றால் பகை பெறுவான், தோற்றால் பொருளை நினைந்து வருந்துவான், அவன் சொல் அவையில் ஏறாது, நண்பர் இகழ்வர், பெண் கொடுப்பார் இரார். ஈண்டுக் கண்டிக்கப்படுவது, களிப்புக்கு அடிமைப்பட்டு வாழ்வை இழத்தலே என்பது தெளிவு.

சித்திரத்தைப் பற்றிய விதிகளும் இங்ஙனமே. ஆறு பிக்குகள் அடங்கிய கூட்டம் ஒன்று, ஆண் பெண் உருவங்களை மனம்போனவாறு விகாரையில் தீட்டச் செய்தபோது பகவர் அதனை விலக்கினார். பூவேலையும் கொடிவேலையும் மகர வேலையும் ஆகும் என்றார். இஃது சுல்லவக்கம் கூறுவது. மற்றொரு பிரிவினரின் விநயமாகிய மூலசர்வாஸ்திவாத விநயமோ, ஜேதவனத்தில் எவ்விடத்தில் எச்சித்திரம் அமைதல் வேண்டும் என்று அனாதபிண்டிகருக்குக் கூறப்பட்டதாக விரிவாக உரைக்கின்றது. வாயிலில் தடி ஏந்திய யட்சன். முகப்பில் பிறவிச் சக்கரம். வேறிடங்களில் ஜாதகக் கதைகள். நோயாளர் தங்கும் அறையில், நோயுற்றோனுக்குத் ததாகதர் தம் கையால் பணிவிடை செய்யும் காட்சி. படுத்திருப்பவன் கண் திறந்தால் காண்பது தன்னைக் கைவிடாத ஒருவரின் உருவம். நோயாளன் அருகே சித்திரம் வைக்கும் இக்கருத்தை நேயர்கள் நினைவிற் கொள்க. நக்கவாரத்தில் இது மீண்டும் நம்மை வந்தடையும்.

இவை எல்லாவற்றினும் ஆழமானது சம்யுத்த நிகாயத்துக் கந்த சம்யுத்தத்தில் உள்ள ஓர் உவமை. ‘சரணம்’ எனப் பெயரிய சித்திரத்தைக் கண்டதுண்டோ எனப் பகவர் பிக்குகளை வினவுகின்றார். சரணமாவது ஊர் ஊராகச் சுமந்து செல்லப்படும் படம். துணியால் அமைத்த கூட்டில் நல்வினையின் பயனையும் தீவினையின் பயனையும் தீட்டி, இன்னது செய்தார் இன்னது பெறுவர் என்று காட்டித் திரிந்த பார்ப்பனர் அந்நாளில் இருந்தனர் என உரையாசிரியர் விளக்குவர். அப்படம் பல்வகை உருவங்களால் நிறைந்தது. எனினும் அதனை நினைந்து தீட்டியது மனமே. ஆகவே மனம் அப்படத்தினும் பல்வகைப்பட்டது என்பது பகவர் உணர்த்திய கருத்து. பாலி மொழியில் ‘சித்த’ என்னும் ஒரே சொல் மனத்தையும் சித்திரத்தையும் குறிக்கும். அச்சொல்லின் இருபொருளில் அமைந்த இவ்வுவமை, தமிழில் சித்தம், சித்திரம் என அருகருகே நிற்கும் சொற்களைக் கொண்டு நமக்கும் எளிதில் விளங்குவதாகும்.

3. கோசான்-ஜி மடத்துச் சுருள்கள்

கியோத்தோ நகரின் வடமேற்கே மலைச்சாரலில் உள்ளது கோசான்-ஜி என்னும் மடம். 1206-இல் மியோவே என்னும் துறவி (1173-1232) அதனைப் புதுப்பித்து நிறுவினார். அவர் ஒழுகியது கெகோன் நெறி. அந்நெறியின் மூலநூல் அவதம்சக சூத்திரம். மனம் கைவல்ல ஓவியன் போன்றது, உலகங்கள் யாவும் அது தீட்டுவனவே என்னும் கருத்து அந்நூலிலும் புகழ்பெற்றது. பாலித் திருமுறையில் நாம் கண்ட உவமை, வேறொரு வழியாகக் கிழக்குக் கடலோரம் சென்று சேர்ந்திருப்பதைக் காண்கிறோம். அவதம்சகத்தின் இறுதிப் பகுதியாகிய கண்டவியூகத்தில், நல்லாசிரியரைத் தேடித் தென்திசை வரும் சுதனன் சந்திப்போருள் மேகன் என்னும் திராவிடனும் ஒருவன் என்பதும் நமக்கு இனிய செய்தியே.

மியோவே இந்தியாவுக்கு வந்து பகவர் நடந்த நிலத்தை வணங்க இருமுறை முயன்றார், பயணம் நிறைவேறவில்லை. தம் நாட்டுக் கடற்றீவு ஒன்றிற் பொறுக்கிய சிறு கல்லை அவர் தம்மோடு வைத்துப் போற்றினார். இந்தியாவின் கரையை நனைக்கும் கடலும் அக்கல்லை நனைத்த கடலும் ஒன்றே என்பது அவர் எண்ணம்.

இம்மடத்திற்கு உரியவையே ‘சோஜு-கிகா’ எனப்படும் நான்கு சித்திரச் சுருள்கள். பறவைகளும் விலங்குகளும் இடம்பெறும் வேடிக்கைச் சித்திரம் என்பது பெயரின் கருத்து. ஜப்பானியர் இத்தகைய சுருளை ‘எமாகி’ என்பர். தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி நீளமாக்கி உருளையிற் சுற்றி வைப்பர். காண்போன் தரையில் அமர்ந்து, இடக்கையால் விரித்து வலக்கையால் சுருட்டிக்கொண்டே, வலமிருந்து இடமாகக் காண்பான். ஒரு வேளையில் கண்முன் இருப்பது கையகலத் தொலைவே. வந்த காட்சி சுருளுக்குள் மறைய, வராத காட்சி மறுபுறம் காத்திருக்கும். சுவரோவியம்போல் அனைத்தும் ஒருங்கே நிற்பதில்லை. நிலையாமையை உணர்ந்தோர்க்கு இச்சுருளை விரிப்பதே ஒரு பாடமாகும்.

சோஜு-கிகாவின் உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். முதற் சுருளின் நீளம் மட்டும் 11 மீட்டருக்கு மேல். முதல் இரண்டும் 12-ஆம் நூற்றாண்டின, பிற்பட்ட இரண்டும் 13-ஆம் நூற்றாண்டின என்பது அறிஞர் கருத்து. வண்ணம் இல்லை, விளக்க எழுத்தும் இல்லை, கரிய மைக்கோடு மட்டுமே. தோபா சோஜோ என வழங்கிய ககுயூ என்னும் பெருந்துறவி (1053-1140) வரைந்தார் என்பது மரபு. பலர் கை கலந்தது என்பதே இன்றைய ஆராய்ச்சி முடிவு.

முதற் சுருளில் முயல்களும் குரங்குகளும் ஆற்றில் நீராடுகின்றன. முயலும் தவளையும் தாமரையிலையை இலக்காக நிறுத்தி அம்பெய்கின்றன. தவளை ஒன்று முயலை மற்போரில் மல்லாக்க வீழ்த்தி வாய்திறந்து ஆர்ப்பரிக்கின்றது. சுற்றியிருக்கும் தவளைகள் வயிறு குலுங்கச் சிரிக்கின்றன. இறுதியில் இலைகளே ஒளிவட்டமாக அமையத் தவளை ஒன்று புத்தர் திருவுருவம்போல் அமர்ந்திருக்க, காவியாடை புனைந்த குரங்கு அதன்முன் சூத்திரம் ஓதுகின்றது. துறவி வேடத்தையே நகைக்கும் இக்காட்சியைத் துறவிகள் அழித்துவிடவில்லை, பேணிக் காத்தனர். தம் குறையைத் தாமே நகைத்துக் கண்டறியும் மனத்திட்பத்தை இதில் நாம் காணலாம்.

பொதுமக்களின் பொழுதுபோக்கை நேரடியாகக் காட்டுவது மூன்றாம் சுருள். கறுப்பும் வெள்ளையுமான காய்களால் ஆடும் ‘கோ’ ஆட்டம், நம் தாயத்தைப்போலக் கவறு உருட்டி ஆடும் ‘சுகொரொகு’, இருவர் கழுத்திற் கயிறு பூட்டி இழுத்தல், காதிற் கயிறு பூட்டி இழுத்தல், முகத்தோடு முகம் நோக்கி விழித்து முதலிற் சிரித்தவன் தோற்றல், கோழிப்போர், நாய்ப்போர் ஆகியன முற்பகுதியில் உள்ளன. முதியோரும் பெண்டிரும் துறவியரும் கூட்டத்திற் கலந்துள்ளனர். பிற்பகுதியில் விலங்குகள் அவ்வாறே விளையாடுகின்றன. 2009 முதல் 2013 வரை நடைபெற்ற சீரமைப்புப் பணியின்போது ஓர் உண்மை புலனாயிற்று. மக்கள் ஆட்டமும் விலங்கின் ஆட்டமும் முதலில் ஒரே தாளின் இருபுறத்தும் வரையப்பட்டிருந்தன. பிற்காலத்தில் அத்தாளை இரண்டாக உரித்து ஒரு சுருளாக்கியுள்ளனர். மனிதனின் மறுபுறம் விலங்கு என்னும் இச்செய்திக்கு வேறு உரை வேண்டுவதில்லை.

அக்காலத்து ஜப்பானிய ஓவியர் களிப்பை மட்டும் தீட்டினாரல்லர். 12-ஆம் நூற்றாண்டின் பேய்ச்சுருள்களுள் தோக்கியோ அருங்காட்சியகத்தில் உள்ள ஒன்று, செல்வர் கூடி இசைக்கருவி மீட்டிக் களிக்கும் காட்சியோடு தொடங்குகின்றது. பசிப்பேய்கள் அவர்தம் தோளிலும் மார்பிலும் சிற்றுருவாக ஏறி நிற்கின்றன. களிப்போர் கண்ணுக்கு அவை புலப்படவில்லை. விளையாட்டைக் கண்டு நகைக்கவும், அதனுள் ஒளிந்த வேட்கையைக் கண்டு விழிக்கவும் ஒரே மரபு கற்பித்தது.

4. நக்கவாரம்

இனி நம் கடலுக்கு வருவோம். இராசேந்திர சோழன் 1025-இல் ஸ்ரீவிஜயத்தின்மீது செலுத்திய கடற்படை வென்ற இடங்களுள் மாநக்கவாரம் ஒன்று எனத் தஞ்சைக் கல்வெட்டு கூறும். அதுவே நிகோபார்த் தீவுக்கூட்டம். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன்னரே, ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுப்பியிருந்தான். வாணிகமும் தம்மமும் போரும் இத்தீவுகளின் அருகாகவே சென்று வந்தன.

மணிமேகலைக் காப்பியத்தில் ஆதிரையின் கணவன் சாதுவன், கணிகையிடத்தும் சூதாட்டத்திலும் பொருளை இழந்து, பொருள் தேடிக் கப்பலேறினான். கப்பல் உடைந்தது. ஒடிந்த மரத்துண்டைப் பற்றி, ஆடையற்ற நாகர் வாழும் மலையை அடைந்தான். அவனைக் கொன்று உண்ண வந்தவரிடம் அவர்கள் மொழியிலேயே பேசினான். அவர்தம் தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் அளித்தபோது மறுத்து, உயிரின் பிறப்பிறப்பையும் வினைப்பயனையும் எடுத்துரைத்தான். கப்பலுடைந்து வந்தோரைக் கொல்லற்க என்றும், தாமே மூத்து இறக்கும் விலங்கின் ஊனன்றிப் பிற உயிரைக் கொன்று உண்ணற்க என்றும் அவர்க்கேற்ற அறம் கூறினான். இத்தீவை நக்கவாரம் எனக் கருதும் ஆராய்ச்சியாளர் உளர். பொழுதுபோக்கு ஒன்றினால் கெட்டவன், அக்கேட்டின் வழியாகவே தம்மத்தை உரைக்கும் நிலையை அடைந்தான் என்பது கதையின் அழகு.

ஆயினும் காப்பியம் தீட்டிய சித்திரம் ஒன்று. நேரிற் கண்டோர் தீட்டியது வேறொன்று. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வழியே வந்த சீன பிக்குவாகிய இத்சிங், கடாரத்திலிருந்து வடக்கே பத்து நாட்களுக்கு மேற்பட்ட பயணத்தில் ஆடையற்றோர் நாட்டைக் கண்டதாக எழுதியுள்ளார். அம்மக்கள் கப்பலைக் கண்டவுடன் சிறு தோணிகளில் விரைந்து வந்து, தேங்காயும் வாழைப்பழமும் பிரம்பு மூங்கிற் பொருள்களும் தந்து இரும்பைப் பெற விழைந்தனர். அயலாரை உண்ணும் கொடியோர் அவர் குறிப்பில் பண்டமாற்றுச் செய்யும் மக்களாக விளங்குகின்றனர். அறியாத மக்களை நம் மனம் எவ்வாறு தீட்டுகின்றது என்பதற்கு இது தக்க சான்று.

5. நிகோபாரியரின் ஹெந்தா

நான்கௌரி, கமோர்ட்டா, டிரிங்கட், கட்சால் முதலிய நடுத்தீவுகளில் வாழும் நிகோபாரியரிடையே ‘ஹெந்தா’ என்னும் சித்திரவகை வழங்கி வந்தது. கமுக மட்டையை விரித்துப் பதப்படுத்தியோ மரப்பலகையிலோ அதனைத் தீட்டுவர். மட்டையிற் செய்தது ‘ஹெந்தகோய்’ எனப்பட்டது. 1869 முதல் 1901 வரை அந்தமான் நிகோபார்த் தீவுகளில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி ஈ. எச். மேன் இவற்றைச் சேகரித்து விரிவாகக் குறித்துள்ளார். இலண்டன் முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் இன்று அவற்றைக் காணலாம்.

ஹெந்தாவில் தீட்டப்படுவன யாவை? மேலே கதிரவனும் திங்களும் விண்மீனும். நடுவே, தெயுசே எனப்படும் படைப்போனின் உருவம். இப்பெயர் கடல்வழி வந்த போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றதென்பர். உருவமும் பலகாலும் ஐரோப்பிய உடையிலேயே நிற்கும். அதனைச் சூழத் தூண்கள்மேல் நிற்கும் வட்டக் கூரை வீடுகள், தென்னை மரங்கள், தோணிகள், அயல்நாட்டுக் கப்பல்கள், மீன், முதலை, பறவை, வீட்டுப் புழங்குபொருள்கள். இவற்றிடையே ஆடவரும் மகளிரும் தோளோடு தோள் கைசேர்த்து ஆடும் ஆடல் வரிசை.

இவ்வாடல் ஓவியக் கற்பனையன்று. நிலவொளியில் வட்டமாக நின்று தோள்மேற் கையிட்டு அடிபெயர்த்து ஆடுதல் நிகோபாரியரின் தலையாய களிப்பு. தோணிப் பந்தயம், மற்போர், கோற்போர், பன்றியோடு பொருதல் ஆகியனவும் அவர்தம் விழாக்களில் இடம்பெற்றன. இந்நாளில் கால்பந்தும் அவற்றோடு சேர்ந்துள்ளது. ஆக, ஊரின் முழு வாழ்வும், உழைப்பும் விளையாட்டும் பிரியாமல், ஒரு மட்டையின் பரப்பில் அடங்கியிருக்கக் காண்கிறோம்.

இது யாருக்காகத் தீட்டப்பட்டது என்பதே நம் கவனத்துக்கு உரியது. வீட்டில் ஒருவர் நோயுற்றால் ‘மென்லுவானா’ எனப்படும் மருத்துவப் பூசாரி வந்து ஹெந்தா செய்யும்படி கூறுவான். நன்மை செய்யும் ஆவிகள் இக்காட்சிகளைக் கண்டு மகிழும், தீய ஆவிகள் அகலும் என்பது அவர் நம்பிக்கை. ‘கரேயாவ்’ என்னும் அச்சந்தரும் மரவுருவங்களும் தீமையை விரட்ட வைக்கப்பட்டன. ஆனால் அச்சுறுத்தும் உருவம் மட்டும் போதும் என்று அவர்கள் கருதவில்லை. ஊரார் கைகோத்து ஆடும் களிப்பின் உருவமும் வேண்டும் என்றனர்.

ஆவிகளை மகிழ்விக்கும் சடங்கைப் பௌத்தர் மருந்தாக ஏற்பதில்லை. நோய்க்குக் காரணம் அறிந்து மருந்துண்ணுதலே விநயம் காட்டும் வழி. எனினும் அச்சடங்கினுள் இருக்கும் அன்பை நாம் காணத் தவறுதல் ஆகாது. பாயிற் கிடப்பவன் கண்ணெதிரே அவனுடைய கடலும் தோணியும் சுற்றத்தாரும் ஆடலும் நிற்கின்றன. நீ இவ்வூரின் ஒருவன், மீண்டு வா என்று ஊரே அவனை அழைக்கின்றது. ஜேதவனத்து நோயாளர் அறையிற் கூறப்பட்ட சித்திரமும் இந்நோக்கிற்கு அயலானதன்று. அங்கு அழைப்பது கருணை. இங்கு அழைப்பது சுற்றம். நோயாளனைத் தனியே விடலாகாது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

6. ஒரே கை, இருவேறு சித்திரம்

ஜப்பானும் இத்தீவுகளும் வரலாற்றில் நேருக்குநேர் சந்தித்தது கலையின் வாயிலாக அன்று. 1942 மார்ச் 23-ஆம் நாள் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கிற்று. (2024-இல் அந்நகர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.) 1945 அக்டோபர் வரை அந்தமானும் நிகோபாரும் அப்படையின்கீழ் இருந்தன. ஒற்றர் என்னும் ஐயத்தால் பலர் வதைக்கப்பட்டனர். 1944 சனவரி 30-இல் ஹம்ப்ரிகஞ்ச் என்னுமிடத்தில் இந்திய சுதந்திரச் சங்கத்தினர் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1945-இல் கார் நிகோபாரில், எதிரிக்குச் செய்தி அனுப்பினர் என்னும் குற்றச்சாட்டின்பேரில் நிகோபாரியர் பலர் உயிரிழந்தனர். அதுபற்றிய போர்க்குற்ற வழக்கு 1946-இல் சிங்கப்பூரில் நடைபெற்றது.

தவளையும் முயலும் மல்லாடி, வீழ்ந்தவனும் உடன் சிரிக்கும் சித்திரத்தை உவந்து காத்த நாடு இத்துன்பத்தை எங்ஙனம் இழைத்தது எனச் சிலர் வினவுவர். இவ்வினா ஒரு நாட்டினரை மட்டும் நோக்கி எழுப்பத்தக்கதன்று. சித்திரக் கோயில் பல கட்டிய நாடுகளே போரும் செய்தன. நம் சோழர் கடற்படையும் விதிவிலக்கன்று. சம்யுத்த நிகாயத்தின் உவமை இவ்விடத்திலேயே தன் முழுப்பொருளைத் தருகின்றது. விளையாட்டைத் தீட்டியதும் மனம். நரகத்தைத் தீட்டியதும் மனம். எதிரே நிற்பவனை ‘விளையாட்டுத் துணைவன்’ எனத் தீட்டினால் மற்போரும் சிரிப்பில் முடியும். ‘ஒற்றன்’ எனத் தீட்டினால் தோணியேறி மீன்பிடிப்பவனும் கொல்லப்படுவான். சித்திரம் தாளில் ஏறுமுன் உள்ளத்தில் ஏறிவிடுகின்றது.

7. எஞ்சி நிற்பன

2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நிகோபார்த் தீவுகளைப் பெரிதும் அழித்தது. கட்சாலில் எண்ணற்றோர் மாண்டனர். டிரிங்கட் தீவு துண்டுபட்டது; எஞ்சிய மக்கள் கமோர்ட்டாவுக்குக் குடிபெயர்ந்தனர். கடலோர வீடுகளோடு தலைமுறை தலைமுறையாக அவற்றில் இருந்த பொருள்களும் சென்றன. அதற்கு முன்னரே, 20-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ சமயம் பரவியதாலும் மருத்துவமனைகள் தோன்றியதாலும் ஹெந்தா செய்யும் தேவை குறைந்துவந்தது. 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டப்படி நிகோபாரின் பெரும்பகுதி பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டது. வெளியார் இசைவின்றிச் செல்லலாகாது. இது நன்றே. அவர்தம் கலையைக் காண விழைவோர் தலைநகரிலுள்ள மானிடவியல் அருங்காட்சியகத்தில் நிகோபாரியர் கைவினைகளைக் காணலாம்.

ஜப்பானியச் சுருள் நான்கும் தேசியச் செல்வங்களாகக் காக்கப்படுகின்றன. 2021-இல் தோக்கியோவில் நான்கையும் முழுநீளமும் ஒருங்கே விரித்துக் காட்டினர். எட்டு நூற்றாண்டுத் தாள் இன்றும் இருக்கின்றது. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஊர்தோறும் இருந்த மட்டை அருகிவிட்டது. பேணும் மடமும் பொருளும் உள்ள கலை நிற்கின்றது. பேணுவாரற்ற கலை அலையோடு போகின்றது. நம் தமிழகத்திலும் படம் விரித்துக் கதை சொன்னவர், ஓலையிற் கோலம் கிழித்தவர், கோயிற் சீலையில் கதை தீட்டியவர் பலர் இருந்தனர். இன்று எஞ்சியவர் யாவர், அவரிடம் கற்பவர் யாவர் என்று நாம் கேட்டறிதல் வேண்டும். நிலையாமையை அறிந்தவன் காத்தலைக் கைவிடமாட்டான். அழியும் என்று அறிந்தே அன்போடு காப்பான்.

8. முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுக்கு இனி விடை கூறலாம். உபோசத நாளில் வேடிக்கையை விலக்குதல், மனம் எதைத் தீட்டுகின்றது என்பதை ஒருநாளாவது ஓய்ந்திருந்து காண்பதற்கே. பிறர் களிப்பை வெறுக்கக் கற்பிப்பது அதன் நோக்கமன்று. விளையாட்டைச் சித்திரித்தலும் அச்சித்திரத்தைக் காண்டலும் தம்மளவில் தீவினையாகா. வேட்கையை வளர்க்கும் கண்ணோடு காணின் அவை கட்டு. நகைத்தும் இரங்கியும் தன்னையே அவற்றிற் காணின் அவை பாடம். பிறரைத் தாழ்த்தி நகைக்கும் விளையாட்டோ, காண்போரையும் கறைப்படுத்தும். பிரமஜாலத்தின் பட்டியல் அதனையும் சுட்டியது காரணத்தோடுதான்.

பிள்ளைகள் காற்றாடி விடட்டும், கிட்டிப்புள் ஆடட்டும். தோற்றவனும் உடன் சிரிக்கும்படி ஆடக் கற்பிப்பது பெற்றோர் கடன். நோயுற்றோர் இருக்கும் இல்லத்தில் சுவரை வெறுமையாக விடாதீர்கள்; அவர்க்கு இனிய ஒரு காட்சியை எதிரே வைத்து, நீங்களும் அருகே அமருங்கள். மனமாகிய ஓவியன் கையில் கோலும் வண்ணமும் எப்போதும் உள; அவன் எதைத் தீட்டுகின்றான் என்று நாள்தோறும் நோக்குவதே பயிற்சி.

கூடி ஆராய்தற்குரிய வினாக்கள்

1. துறவிக்கு விலக்கிய விளையாட்டு இல்லறத்தானுக்கு எவ்வளவில் ஆகும்? சிகாலோவாதத்தைக் கொண்டு விளக்குக.

2. சாதுவன் கதையின் நாகரும் இத்சிங் கண்ட மக்களும் வேறுபடக் காரணம் யாது? நாம் நேரிற் காணாத மக்களைப்பற்றி இன்று எத்தகைய சித்திரம் கொண்டுள்ளோம்?

3. உங்கள் ஊரில் அருகிவரும் சித்திரத் தொழில் அல்லது விளையாட்டு ஒன்றைக் கூறி, அதனைக் காக்க இயன்ற வழியையும் கூறுக.